ஸ்ட்ராப் கட்டியிருந்தும் போர்டு போனது: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மூன்றாவது போர்டும் அதே இடத்தில் போனது. அதே மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), அதன் கேட், சோர்ஸ் என்ற இரண்டு முனைகளுக்கு நடுவே ஷார்ட். உடம்பில் சேரும் ஸ்டாட்டிக் சார்ஜ் பாகங்களைக் கெடுக்காமல் எர்த்துக்கு இறக்கிவிடும் ரிஸ்ட் ஸ்ட்ராப் கையில், அதே வேலைக்கு மேஜையில் மேட், எல்லாம் இருந்ததால் சால்டரிங் சூட்டைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து ஸ்ட்ராப்பின் உலோகத்துக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே வைத்தேன். சுமார் 1 மெகாஓம் காட்ட வேண்டிய இடத்தில் ஓப்பன், இணைப்பே இல்லை. கிளிப்பை மேஜைக் காலின் பெயின்ட் மேலேயே மாட்டியிருக்கிறேன்! அந்த மீட்டர் திரை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

*

எனக்கு டேப். ஸ்ட்ராப் சரியாக இருந்தது, காலையில்தான் டெஸ்டரில் பார்த்தேன். போர்டுக்குப் பக்கத்தில் செல்லோ டேப்பைச் சரக்கென்று இழுத்தேன், மேட்டில் கிடந்த காகிதத் துணுக்கு துள்ளி எழுந்து டேப்பில் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அந்த சென்சார் வேலை செய்யவே இல்லை. டேப் மின்கடத்தாப் பொருள், அதில் ஏறிய சார்ஜ் நம் ஸ்ட்ராப் வழியாக இறங்காது, காற்றில் அயனிகளை அனுப்பிச் சார்ஜைப் போக்கும் அயனைசர் வைத்தால்தான் உண்டு.

*

முதல் பதிவுக்கு: ஸ்ட்ராப் வயரில் அந்த 1 மெகாஓம் ரெசிஸ்டர் எதற்கு? நான் வெறும் வயரையே கையில் கட்டி எர்த்தில் கொடுத்திருக்கிறேன், சார்ஜ் உடனே இறங்கிவிடும். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

*

மேலே எழுதியவரே, முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள். ஒரு பவர் சப்ளையைத் திறந்து வைத்திருந்தபோது என் விரல் 230 வோல்ட் லைனில் பட்டது. ஸ்ட்ராப் கையில்தான் இருந்தது, லேசாகக்கூட உணரவில்லை. 1 மெகாஓம் இருந்ததால் அதன் வழியாக 0.23 மில்லியாம்பியருக்கு மேல் போக முடியாது. உங்கள் வயராக இருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. கரன்ட் உள்ளதைத் தொடும்போது ஸ்ட்ராப்பே கூடாது என்பதை அன்றுதான் மனதில் ஏற்றிக்கொண்டேன். வேகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். நம் உடம்பின் கெப்பாசிட்டன்ஸ் (சார்ஜைப் பிடித்து வைக்கும் திறன்) 100 பைக்கோஃபாரட் அளவுதான், 1 மெகாஓம் வழியாகவும் ஒரு மில்லிசெகண்டுக்குள் இறங்கிவிடும். அப்புறம், பிங்க் ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில் போர்டை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள், அது தானாகச் சார்ஜ் ஏறாமல் பார்த்துக்கொள்ளும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது, அதற்கு வெள்ளிநிற ஷீல்டிங் கவர்தான். தோல் வறண்டிருந்தால் ஸ்ட்ராப் சரியாகப் பிடிக்காது, சட்டைக் கைக்கு மேலே கட்டினால் கட்டாத மாதிரிதான். ஷாக் அடிக்கவில்லையே என்றும் இருக்க வேண்டாம். ஸ்டாட்டிக் ஷாக் நமக்குத் தெரிய 3000 வோல்ட் அளவு வேண்டும், சில பாகங்களுக்கு 100 வோல்ட்டே அதிகம்.

*

முதல் பதிவு போட்டவன்தான். பெயின்ட்டைச் சுரண்டுவதை விட்டு, மேட்டையும் ஸ்ட்ராப்பையும் நேராக எர்த் பாயின்டுக்கே கொண்டுபோய்விட்டேன், இப்போது மீட்டர் சரியாகக் காட்டுகிறது. செத்த மூன்றைப் பற்றிக் கவலை இல்லை. அதே மேஜையில் செய்து, டெஸ்டில் தேறி, வெளியே போன போர்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் எது பாதி அடிபட்டு ஓடிக்கொண்டிருக்கிறதோ? எல்லாவற்றையும் திரும்பக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா?