அலைந்தவனுக்குப் பெண் கூலியா?

பெரிய வீட்டுக் குழு
ஞாயிறு, மாலை 6:05

தம்பி: ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை இன்று பார்த்து முடித்தேன். ஒன்பது சீசன், 208 பகுதிகள். கடைசிப் பகுதியைப் பார்த்த பிறகு மனம் ஆறவில்லை.

லாஸ்பேட்டை அத்தை: ஏன் கண்ணா, அப்படி என்ன முடிவு?

தம்பி: உங்கள் அம்மாவை எப்படிச் சந்தித்தேன் என்று டெட் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை அத்தை. ஆனால் அந்த அம்மாவின் முகமே எட்டாவது சீசன் முடிவில்தான் தெரிகிறது. கடைசிப் பகுதியில் அவள் நோயில் இறந்துவிடுகிறாள், அதையும் ஓரிரு வரியில் சொல்லி முடிக்கிறார்கள். ராபின் டெட்டின் பழைய காதலி. பிள்ளைகள், ‘நீங்கள் ராபினைத்தான் விரும்புகிறீர்கள், போங்கள்’ என்று அனுப்பிவைக்கிறார்கள். முதல் பகுதியில் ராபினுக்காகத் திருடிய அதே நீல ஊதுகொம்போடு, டெட் அவள் ஜன்னலுக்குக் கீழே போய் நிற்கிறான்.

லாஸ்பேட்டை மாமா: நல்ல முடிவுதானே? இத்தனை வருடமாக அவளையே நினைத்துக்கொண்டிருந்தவன்.

நான்: மாமா, எனக்கு உறுத்துவதே அதுதான். ராபின் கல்யாணம் வேண்டாம், பிள்ளை வேண்டாம் என்று எத்தனை முறை சொல்கிறாள்! அதெல்லாம் அவன் காதில் ‘இப்போது வேண்டாம்’ என்றுதான் விழுகிறது. முதல் சீசனில் அவன் காதலி விக்டோரியா ஜெர்மனியில் இருக்கும்போது, அவளோடு உறவு முறிந்துவிட்டதாக ராபினிடம் பொய் சொல்கிறான். முறியவே இல்லை. இப்படிப்பட்டவனுக்குக் கதை என்ன தண்டனை கொடுக்கிறது? கொஞ்ச நாள் சோகப் பாட்டு, பிறகு அவளே பரிசு.

தம்பி: பிள்ளைகள் பேசும் அந்தக் காட்சியை இரண்டாவது சீசன் நடக்கும்போதே எடுத்து வைத்துவிட்டார்கள். பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்களே என்பதற்காக. இடையில் பாத்திரங்கள் எப்படி மாறினாலும் முடிவு மாறவில்லை. ராபினுக்கும் டெட்டின் நண்பன் பார்னிக்கும் நடக்கும் கல்யாணத்தை ஒன்பதாவது சீசன் முழுக்க நீட்டினார்கள். கடைசிப் பகுதியில் சட்டென்று விவாகரத்து.

லாஸ்பேட்டை மாமா: அது எழுதினவர்கள் தவறு. அந்த டெட்டை ஏன் திட்டுகிறீர்கள்? குறையே இல்லாதவனை வைத்து யாராலும் சிரிக்கவைக்க முடியாது.

மஞ்சக்குப்பம் பெரியம்மா: அவன் சொல்வது சரிதான். குறை இருக்கட்டும். அந்தக் குறைக்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி.

நான்: பெரியம்மா, அதைத்தான் சொல்ல வந்தேன்! கதையைச் சொல்வதே டெட் என்பதையும் பாருங்கள். 2030-ல் உட்கார்ந்துகொண்டு அவனே சொல்கிறான். எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்பதெல்லாம் அவன் கையில். ராபின் இதே கதையைத் தன் பிள்ளை இல்லாத வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அது வேறு தொடர்.

லாஸ்பேட்டை மாமா: சரி, டெட்டை விடு. ராஸை ஒன்றும் சொல்லாதே. ‘ஃப்ரெண்ட்ஸ்’ எனக்குப் பிடித்த தொடர். 1994-லிருந்து 2004 வரை பத்து வருடம், அவனைப் போலப் பாசம் வைத்தவன் யார்?

நான்: மாமா, நானும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவள்தான். அதனால்தான் கோபம் அதிகம். ராஸ் தான் காதலிக்கும் ரேச்சலின் குறைகளைப் பட்டியல் போடுகிறான், ‘வெறும் பரிமாறுகிற பெண்’ என்பது அதில் ஒன்று. அவளுக்கு வேலை கிடைத்ததும் கூட வேலை செய்கிறவன்மேல் சந்தேகம். அலுவலகத்துக்கே பாட்டுக்காரர்களை அனுப்பி, ‘உன் ஒரே காதலன் ராஸ்’ என்று பாடவைக்கிறான். லாஸ் வேகாஸில் போதையில் நடந்த கல்யாணத்தை ரத்து செய்துவிட்டதாகப் பொய் சொல்லி மறைக்கிறான். கடைசியில் என்ன நடக்கிறது? அவளுக்குப் பாரிஸில் லூயி வுய்ட்டானில் வேலை. விமானத்திலிருந்து இறங்குவது அவள்தான். நான் பாரிஸுக்கு வருகிறேன் என்று அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

லாஸ்பேட்டை அத்தை: எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்குப் பிரெஞ்சு பென்ஷன் வருகிறது. பாரிஸில் வேலை என்றால் என்ன என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அதை விட்டு இறங்குவது சின்ன விஷயம் இல்லை.

லாஸ்பேட்டை மாமா: அவனுக்குப் பிள்ளை இருக்கிறது, வேலை இருக்கிறது. எப்படிப் போவான்?

நான்: அவளுக்கும் பிள்ளை இருக்கிறது மாமா. அவளுக்கும் வேலை இருக்கிறது.

மஞ்சக்குப்பம் பெரியம்மா: ஒன்று சொல். அந்த ராஸ் பத்து வருடத்தில் ஒரு முறையாவது மனதார மன்னிப்புக் கேட்டானா?

நான்: சண்டை போட்டுப் பிரிந்த இரவே அவன் வேறொருத்தியோடு இருந்துவிட்டான். முதலில் அழுது கெஞ்சினான் பெரியம்மா. பிறகு, நடந்ததற்கு முழுப்பொறுப்பும் உனதே என்று ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டு, அவள் 18 பக்கம் கடிதம் எழுதித் தந்தாள். அவன் படிக்காமல் தூங்கிவிட்டு, ஒப்புக்கொள்கிறேன் என்றான். சேர்ந்த பிறகு பொறுக்காமல், ‘நாம் அப்போது பிரிந்திருந்தோம்’ என்று கத்தினான். விமானத்திலிருந்து இறங்கி வந்தவளிடமும் அதையே வேடிக்கையாகச் சொல்கிறான்.

மாலை 6:41

லாஸ்பேட்டை அத்தை: நான் ஒன்று சொல்லட்டுமா? புதுயுகம் தொலைக்காட்சியில் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ கொரியத் தொடரைத் தமிழில் போட்டார்கள். ஒரு பகுதி விடாமல் பார்த்தேன். அதன் கதாநாயகன் ஜுன்-பியோவுக்காக அழுதிருக்கிறேன். பள்ளியில் அவன் யாருக்குச் சிவப்பு அட்டை கொடுக்கிறானோ அந்தப் பிள்ளையை எல்லாரும் சேர்ந்து வதைப்பார்கள். ஒரு பையன் சாகத் துணிந்து மாடி விளிம்பில் நிற்பான். சலவைக்கடைக்காரர் மகள் ஜான்-டிதான் காப்பாற்றுவாள். பிறகு அவளுக்கும் அதே அட்டை. கடைசியில் அவள் மருத்துவம் படிக்கிறாள், இவன் ஹெலிகாப்டரில் வந்து கல்யாணத்துக்குக் கேட்கிறான். எனக்கு அப்போது அந்த ஹெலிகாப்டர்தான் மனதில் நின்றது. இன்று அந்த மாடிப் பையன் முகம் வருகிறது.

தம்பி: ஆனால் அவன் கொஞ்சமாவது மாறுகிறான் அல்லவா அத்தை?

லாஸ்பேட்டை அத்தை: மாறுகிறான். அதை மறுக்கமாட்டேன். டெட்டைவிட அவன் மேல்.

நான்: இதே குறை ஒரு பெண்ணுக்கு இருந்தால் எழுதுகிறவர்கள் கை வேறு மாதிரி ஓடுகிறது. ‘க்ரேஸி எக்ஸ் கேர்ள்ஃப்ரெண்ட்’ என்று 2015 முதல் 2019 வரை வந்தது. விரும்பியவன் பின்னால் ஊரையே மாற்றிக்கொண்டு போகிறவள் ரெபெக்கா. அவள் நொறுங்குகிறாள், சிகிச்சைக்குப் போகிறாள், தான் காயப்படுத்தியவர்களிடம் திரும்பி வருகிறாள். முடிவில் மூன்று ஆண்களில் யாரையும் தேர்ந்தெடுக்காமல் பாட்டு எழுதப் போகிறாள். எனக்கு அது மிகவும் பிடித்த முடிவு. ஆனால் டெட்டிடம் யாரும் அந்த வேலையைக் கேட்கவில்லையே!

மாலை 7:10

மஞ்சக்குப்பம் பெரியம்மா: நான் மெதுவாகத்தான் தட்டுவேன், பொறுத்துப் படியுங்கள். 1984-ல் புதுச்சேரியில் பி.ஏ. படித்தேன். தினமும் கடலூரிலிருந்து காலை பஸ். ஒருவர் கன்னியக்கோயிலில் ஏறுவார். என் பின்னால் நிற்பார். முதலில் ஒரு காகிதம் கொடுத்தார், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு வருடம். தொடமாட்டார், திட்டமாட்டார், நின்றுகொண்டே இருப்பார். நான் நேரத்தை மாற்றினால் இரண்டே நாளில் அந்தப் பஸ்ஸிலும் இருப்பார். தவளக்குப்பம் தாண்டினால்தான் எனக்கு உட்கார இடம் கிடைக்கும், அதுவரை முதுகு கூசிக்கொண்டே இருக்கும். வீட்டில் சொன்னேன். அம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘பாவம், நல்ல பையன், இரண்டு வருடமாக அலைகிறானே.’ அவர் அலைந்ததை எல்லாரும் எண்ணினார்கள். நான் எத்தனை பஸ் மாற்றினேன் என்று ஒருவரும் எண்ணவில்லை. மூன்றாம் வருடம் படிப்பை நிறுத்தினேன். உடம்பு சரியில்லை என்று வெளியே சொன்னோம். அதனால்தான் இந்தத் தொடர்களில் அவன் எத்தனை வருடம் காத்திருந்தான் என்று இசை போட்டுக் காட்டும்போது என்னால் சிரிக்க முடிவதில்லை. காத்திருப்பதற்கு அவன் ஒன்றுமே மாற வேண்டியதில்லை. ‘வேண்டாம்’ என்று சொன்னவள்தான் தினமும் மாறிக்கொண்டிருக்க வேண்டும்.

நான்: பெரியம்மா, இது எனக்குத் தெரியவே தெரியாது.

தம்பி: எனக்கும் தெரியாது பெரியம்மா.

லாஸ்பேட்டை அத்தை: அண்ணி, இத்தனை நாள் மனதிலேயே வைத்திருந்தீர்களே.

மாலை 7:32

லாஸ்பேட்டை மாமா: அக்கா. அவர் உன் பஸ் நேரத்தை என்னிடம்தான் கேட்பார். நான்தான் சொன்னேன்.

மஞ்சக்குப்பம் பெரியம்மா: தெரியும். நீ ஐந்தாம் வகுப்பு. உனக்குப் பம்பரம் வாங்கித் தந்தார்.

லாஸ்பேட்டை மாமா: ஐந்தாம் வகுப்புதான். அதற்குப் பிறகு நாற்பது வருடம் இருந்ததே. ஒரு நாள்கூட உன்னிடம் வந்து கேட்கவில்லை. நாளைக் காலை மஞ்சக்குப்பம் வருகிறேன் அக்கா. இங்கே எழுதுவதற்கு இல்லை, நேரில்.

மஞ்சக்குப்பம் பெரியம்மா: வா. பத்து மணிக்கு மேல் வா, அதற்கு முன் ரேஷன் கடைக்குப் போக வேண்டும்.