புதுப்பிப்பு: ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் மூன்று நாள் தங்கல்

நெல்லை மாவட்டம் பாபநாசத்துக்கு மேலே மலைக்காட்டில் இருக்கும் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில், ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு மூன்று நாள் தங்க என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நல்லபடியாகப் போய் வந்தாச்சு.

கைகொடுத்தது, எங்கள் காரை மலைக்குக் கீழே அகஸ்தியர்பட்டியில் விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் ஏறச் சொன்ன அண்ணாச்சியின் யோசனைதான். சொந்த வண்டி எதையும் மேலே விடவில்லை. புலிகள் காப்பகம் அல்லவா, பாபநாசம் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைக் கவிழ்த்தே பார்த்தார்கள். எவர்சில்வர் தூக்குச்சட்டி தப்பியது. அத்தையின் ஷாம்பு பாக்கெட்டுகள் போயின.

எதிர்பாராதது இரண்டாம் நாள் ராத்திரி மழை. கூரைக்குத் தார்ப்பாய் போட்டோம், தரைக்குப் போடவில்லை. கோரைப்பாய் ஊறி, விடியும்வரை பொங்கல் பானையைச் சுற்றிக் குந்தியிருந்தோம். இரண்டு தார்ப்பாய் கொண்டுபோங்கள்.

அப்புறம், அந்தக் கோயிலில் இருக்கும் பட்டவராயன் சாமிக்குச் செருப்பு காணிக்கையாக நேர்ந்திருந்தால் ஊரிலிருந்தே வாங்கிப் போய்விடுங்கள். அங்கே அலைய முடியாது.