புதுப்பிப்பு: நாள்பட்ட வலிக்கு மூளையில் அல்ட்ராசவுண்ட்

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'டயடெம்' கருவியைப் பற்றிப் போன இழையில் எழுதியிருந்தேன். தலைக்கு வெளியிலிருந்தே மூளைக்குள் அல்ட்ராசவுண்ட் செலுத்தி வலியைத் தணிக்கும் கருவி. "பிசியோதெரபியில் முட்டியில் ஜெல் தடவித் தேய்ப்பார்களே, அதுதானா?" என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை. இங்கே குறி, முன்புற சிங்குலேட் கார்டெக்ஸ். வலியை வேதனையாக உணரவைப்பதில் பங்குள்ள, ஆழத்தில் இருக்கும் பகுதி. நடுவில் மண்டையோடுதான் தொல்லை. ஆளுக்கு ஆள் தடிமன் வேறு, ஒரே தலையிலேயே இடத்துக்கு இடம் வேறு. ஒலி சிதறி வலுவிழந்துவிடும். டயடெம் அந்தச் சிதைவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளந்து ஈடுகட்டுகிறது. எனக்குப் பிடித்ததே இந்த வேலைதான்.

2024இல் 'பெயின்' என்ற மருத்துவ இதழில் இதன் சோதனை முடிவு வந்தது. நாள்பட்ட வலியுள்ள 20 பேர், 40 நிமிட அமர்வுகள், நிஜ சிகிச்சையும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு போலி சிகிச்சையும். நிஜ சிகிச்சைக்குப் பின் 60 சதவீதம் பேருக்கு ஒரு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் நல்ல நிவாரணம். சரி, ஆனால் 20 பேர் ஒரு மினி பஸ்ஸுக்குக்கூடப் போதாது.

அப்புறம், கைநடுக்கத்துக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அல்ட்ராசவுண்ட் வேறு. அது திசுவைச் சுட்டு அழிப்பது. இரண்டையும் ஒன்றென்று சொல்லி யாராவது விற்றால் பணம் கட்டாதீர்கள். இதை நம்பி வலி மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.