பட்டியலில் பாதி பதிவுகளைக் காணவில்லை, உதவி தேவை

பாதிவழி: வணக்கம், அவசரம். நாளைக் காலை காட்டியாக வேண்டும். பக்கத்துக்கு 20 பதிவுகள் வர வேண்டும். ஒரு பயனருக்கு முதல் பக்கத்தில் 7 வருகிறது, இரண்டாவதில் ஒன்றுமே இல்லை, மூன்றாவதில் 12. அட்மினாக நுழைந்தால் எல்லாம் சரி. அனுமதிச் சோதனையில் தப்பில்லை, பார்த்துவிட்டேன்.

நூல்கண்டு: எந்த டேட்டாபேஸ்? எந்த ஃபிரேம்வொர்க்? அனுமதிகள் தனி டேபிளில் இருக்கின்றனவா? பதிவுகளைக் கேட்டெடுக்கும் குவெரியைப் போடுங்கள்.

நள்ளிரவு: கேஷ்தான், முன்பு எடுத்ததைச் சேமித்து வைத்துத் திரும்பக் காட்டும். அந்தச் சேமிப்புக்கு அட்மினுக்கும் பயனருக்கும் ஒரே கீ, அதாவது ஒரே பெயர், போட்டிருப்பீர்கள். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது, அணைத்துப் பாருங்கள்.

பாதிவழி: கேஷே இல்லை. ஃபிரேம்வொர்க் ஜாங்கோ, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அனுமதி குழுவாரியாகத் தனி டேபிளில். 20 பதிவை எடுத்து, லூப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து, அனுமதி இல்லாததை நீக்குகிறேன்.

கடைசிவரி: இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 20 என்று வெட்டிவிட்டு அப்புறம் வடிகட்டினால் 20 எப்படி மிஞ்சும்? அடிப்படையைப் படித்துவிட்டு வேலையைத் தொடுங்கள்.

நூல்கண்டு: அதட்ட வேண்டாம், நானும் இதே இடத்தில் விழுந்தவன்தான். பாதிவழி, லூப்பை எடுத்துவிட்டு நிபந்தனையை குவெரிக்குள்ளேயே வையுங்கள். டேபிள்களை இணைக்கும் ஜாயின் போட்டால் இரண்டு குழுவில் இருப்பவருக்கு ஒரே பதிவு இருமுறை வரும், அதனால் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் எக்சிஸ்ட்ஸ் போடுங்கள். மொத்த எண்ணிக்கையும் வடிகட்டிய அதே குவெரியிலிருந்து வரட்டும். விவரப் பக்கத்தையும் மறக்காதீர்கள். பட்டியலில் மறைத்த பதிவு, முகவரியில் எண்ணை மாற்றினால் திறக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

கடைசிவரி: கோடில் எழுதினால் யாராவது ஓரிடத்தில் மறப்பார்கள். யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம் என்று டேட்டாபேஸே தடுக்கும் ரோ லெவல் செக்யூரிட்டி போஸ்ட்கிரெஸ் 9.5 முதலே இருக்கிறது. அங்கே பூட்டுங்கள்.

நூல்கண்டு: டேபிளின் உரிமையாளரை அந்தப் பூட்டு தடுக்காதே. டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் ஓட்டும் கணக்கிலேயே ஆப்பும் இணைந்தால், பாலிசி என்ற அனுமதி விதியை எழுதியும் எல்லாம் தெரியும்.

கடைசிவரி: உரிமையாளரையும் தடுக்கத்தான் ஃபோர்ஸ் இருக்கிறது. ஒரு வரி.

நூல்கண்டு: டேட்டாபேஸின் முழு அதிகாரக் கணக்கான சூப்பர்யூசருக்கு அதுவும் செல்லாது. தவிர, இணைப்புகளைப் பகிரும் இடத்தில் பயனர் யாரென்று குறிக்க, அந்த ஒரு வேலையோடு மறையும் செட் லோக்கலுக்குப் பதில், இணைப்பில் தங்கிவிடும் வெறும் செட் போட்டால், முந்தையவரின் அடையாளம் அடுத்தவருக்குப் போகும். நாளைக் காலைக்குள் தொட வேண்டிய வேலையா இது?

நள்ளிரவு: கேஷ் இல்லை என்று உறுதியாகத் தெரியுமா?

பாதிவழி: எக்சிஸ்ட்ஸ் வேலை செய்தது, 20 வருகிறது. விவரப் பக்கம் திறந்துதான் கிடந்தது. மூடிவிட்டேன். நன்றி.