மறு: தரவுத்தளத்தில் சேராத புலத்துக்குக் கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம். படிவத்தில் நிரப்பப்பட்டாலும் தரவுத்தளத்தில் சேமிக்கப்படாத புலத்தை (உள்ளீட்டுக் கட்டத்தை) தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இது என் பதில்.

> ‘மெய்நிகர் புலம்’ ஏற்கெனவே புழங்குகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

எனக்கு உடன்பாடில்லை. கடவுச்சொல்லை மறுமுறை கேட்கும் கட்டம், ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்ற தெரிவுப்பெட்டி இரண்டும் படிவத்தில் கண்ணெதிரே இருக்கின்றன. அட்டவணையில் அவற்றுக்கு நெடுவரிசை இல்லை, அவ்வளவுதான். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் மெய்நிகர் நெடுவரிசை என்பதோ வேறு: அட்டவணை வரையறையிலேயே இருந்து, படிக்கும்போது கணக்கிட்டுத் தரப்படுவது. ‘தற்காலிகப் புலம்’ என்பதும் வேண்டாம். தற்காலிக அட்டவணையும் தற்காலிகக் கோப்பும் எங்கோ எழுதப்படுபவை.

நான் முன்வைப்பது ‘பதியாப்புலம்’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் ஒற்று மிகும். சேமிக்கப்படுவது ‘பதிபுலம்’. இது வினைத்தொகை, மிகாது.

இப்படி இணையாகக் கேட்பதற்குக் காரணம் சரிபார்ப்பு. பதிபுலத்தில் நம் நிரல் எதையாவது தவறவிட்டாலும், வெற்று மதிப்பையும் இரட்டிப்பையும் மறுக்கும் கட்டுப்பாடுகளைத் தரவுத்தளத்தில் வைத்திருந்தால் அவை தடுத்துவிடும். பதியாப்புலத்துக்கு அந்தக் காவல் கிடையாது. உலாவியில் சரிபார்த்தால் போதாது. படிவத்தைத் திறக்காமலே கோரிக்கை அனுப்பலாம். வழங்கியில் ஓடும் நிரல்தான் ஒரே தடுப்பு.

அதற்காக எப்போதும் கட்டாயமாக்கவும் முடியாது. பின்னணிப் பணி ஒன்று அதே பதிவைப் பிறகு திருத்தும்போது படிவமே இருக்காது. பதியாப்புலம் காலியாகத்தான் வரும், சேமிப்பு தோற்றுவிடும். ரெயில்ஸ் என்ற வலைச்செயலிச் சட்டகத்தில் மறுமுறைக் கட்டம் வரவே இல்லையென்றால் ஒப்பீடு நடக்காது. பின்னணிப் பணிக்கு அது வசதி. ஆனால் அந்தக் கட்டத்தை வேண்டுமென்றே அனுப்பாதவரும் தப்பிவிடுவார். ஆகவே கணக்குத் தொடங்கும்போதும் கடவுச்சொல் மாறும்போதும் மட்டும் கட்டாயம் என்று விதிக்க வேண்டும்.

> கடவுச்சொல் சேமிக்கப்படுகிறதே, அது பதிபுலமா?

இல்லை. பதிவது அதன் ஹேஷ் (அதிலிருந்து கணக்கிடப்படும், திருப்பி மீட்க முடியாத எழுத்துச்சரம்) மட்டுமே, கடவுச்சொல் பதியாப்புலம். இந்த வேறுபாடு மிக முக்கியம். பிகிரிப்ட் என்ற முறையில் கிடைக்கும் ஹேஷ் எப்போதும் 60 எழுத்து நீளம். குறைந்தது 8 எழுத்து வேண்டும் என்ற விதியை அதன்மேல் வைத்தால் எந்தக் கடவுச்சொல்லும் தேறிவிடும். மேல் எல்லையும் பதியாப்புலத்தில்தான் பார்க்கப்பட வேண்டும், அதுவும் பைட் கணக்கில். பிகிரிப்ட் 72 பைட்டோடு நின்றுவிடும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு (எழுத்துக்கோ அதன் துணைக்குறிக்கோ உரிய யுனிகோடு எண்ணுக்கு) 3 பைட் என்பதால் தமிழில் கடவுச்சொல் வைப்பவருக்கு 24 குறியெண்களே கிடைக்கும்.

‘புலம்’ என்னாமல் ‘பண்பு’ என்று எழுதுவோர் பதிபண்பு, பதியாப்பண்பு என்று கொள்ளலாம். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.