நிருபர், குடம், கேமரா: எதை விடுவது?

தக்கலைக்காரன்:
வயது 26. ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று வருவது பெட்ரோலுக்கே சரியாகிவிடும். வீடு ஓடுவது கல்யாணப் படத்தில். பங்குனி, சித்திரையில் மாமாவின் வில்லிசைக் குழுவில் குடம் அடிப்பேன். போன கோயில் கொடைத் திருவிழாவில், சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு ஏறி, சாமி ஆட வரும் நேரம் பார்த்து பத்திரிகை டெஸ்கிலிருந்து போன்: நெடுஞ்சாலையில் விபத்தாம். குடத்தை விட்டு எப்படி எழுந்திருப்பது? எடுக்கவில்லை. மறுநாள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏதாவது ஒன்றை விடு என்கிறார்கள் வீட்டில்.

மார்த்தாண்டம்:
கல்யாணப் படத்தை விட்டுடாதே மக்கா. சோறு போடுவது அதுதான்.

குளச்சல் தபேலா:
தம்பி, எனக்கும் இருபது வருஷமாக இதே பிழைப்பு. குடத்துக்குப் பதில் கோயில் பாடகர் குழுவில் தபேலா. நேரம் இடிப்பதைச் சமாளித்துவிடலாம், வேறொன்று இடிக்கும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்து நாலைந்து நாள் கழித்து, சின்னத்துறையில் ஒரு அம்மா கடலைப் பார்த்து ஒப்பாரி வைத்து அழுதுகொண்டிருந்தார். நாலு வரிக்கு ஒரு தரம் மகன் பெயர் திரும்ப வந்தது. பக்கத்தில் நின்றவர் என் கையை முறைத்தார். குனிந்து பார்த்தால், என் விரல் நோட்டு அட்டையில் தாளம் தட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு கேமராவைத் தூக்க மனசு வரவில்லை. தரையில் உட்கார்ந்து எந்தப் படகு, எத்தனை பேர், என்றைக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதினேன். படமில்லாமலே செய்தி போயிற்று. டெஸ்கில் திட்டு, சரி.

இன்னொன்று, நீ வாசிக்கக் காசு வாங்கும் கோயில் கமிட்டியில் தகராறு வந்தால் அந்தச் செய்தியை வேறு ஆளிடம் கொடு. அப்புறம், லென்ஸை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வை. நம்மூர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்து என் 50 எம்எம் போயே போச்சு.

நாகர்கோவில்:
காசு வாங்கி எடுத்துக்கொடுத்த கல்யாணப் படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவருக்குத்தான். 1957 பதிப்புரிமைச் சட்டம் அப்படி. நல்ல படம் என்று அதைப் பத்திரிகைக்குத் தள்ளிவிடாதே.

தக்கலைக்காரன்:
ஐயோ, ஒன்று அனுப்பிவிட்டேனே! மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிடுகிறேன். குளச்சல் அண்ணே, வெள்ளிக்கிழமை அடுத்த கொடை. அன்றைக்கு ராத்திரி மட்டும் குலசேகரம் நிருபர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் படம் எடுக்க வேண்டுமாம், ஓசியில்.