படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, சாம்பியன்ஷிப்புக்கு மூன்று வாரம்தான், உதவி தேவை (ஐஎல்சிஏ 6)

துறைமுக_அப்பா:
வணக்கம். மகள் சென்னைத் துறைமுகத்தில் இருந்து பாய்மரப் படகு ஓட்டுகிறாள். ஆப்டிமிஸ்ட், ஐஎல்சிஏ 4 என்ற சிறிய படகு வகுப்புகள் எல்லாம் தாண்டி இப்போது ஐஎல்சிஏ 6, ஒருவர் மட்டும் ஓட்டும் படகு. நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய வகுப்பு (அப்போது லேசர் ரேடியல் என்பார்கள்) என்பதால் அவளுக்கு இதில் தனி ஆசை. படகு பழையது, ஆனால் ஹல்லில் (படகின் உடலில்) விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறி அலை எழும் நாட்களில் மட்டும், கரைக்கு வந்து பின்பக்க டிரெய்ன் பிளக்கை (உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்கும் அடைப்பை) திறந்தால் மூன்று நான்கு லிட்டர் கொட்டுகிறது. காற்று மந்தமான நாளில் ஒரு டம்ளர்கூட வராது. இன்னொன்று, காற்றைப் பின்னால் வாங்கி வேகம் பிடிக்கும்போது சுக்கான் கையில் கனக்கிறது என்கிறாள். ஒருவர் எம்-சீல் வைத்து எல்லா இடுக்கையும் அடைக்கச் சொல்கிறார், இன்னொருவர் ஹல்லின் அடியைத் தேய்த்தால் வேகம் கூடும் என்கிறார். எதில் தொடங்குவது?

பாய்_பிடிப்பவன்:
சார், இரண்டையும் செய்யாதீர்கள். காற்று ஏறினால் மட்டும் தண்ணீர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். பிளக் வாஷர் தேய்ந்திருந்தாலோ பின்பக்க ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலோ மந்தக் காற்றிலும் கொஞ்சமாவது ஏறியிருக்கும். பாரம் விழும்போது மட்டும் திறக்கும் இடம் என்றால் என் சந்தேகம் முதலில் மாஸ்ட் ஸ்டெப் மேல், அதாவது மாஸ்ட் (பாய்மரம்) நிற்கும் குழி மேல். பாய்மரத்தைத் தாங்கும் கயிறு எதுவும் இந்தப் படகில் கிடையாது, மொத்த விசையும் அந்தக் குழியில்தான் இறங்கும். போதாததற்கு மணல் உள்ளே போய், மாஸ்ட் திரும்பத் திரும்ப அடிப்பகுதியை அரைத்துவிடும். படகைத் தரையில் சமமாக வைத்து, மாஸ்ட்டை எடுத்துவிட்டு, குழியை நன்றாகக் கழுவித் தண்ணீர் ஊற்றி விளிம்பில் பென்சிலால் குறியிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கசிவு அங்கேதான். கசிவோடு பலத்த காற்றில் ஓட்டினால் ஒரு நாள் மாஸ்ட் டெக்கை (படகின் மேல்தளத்தை) பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும், அதனால் சோதிக்கும் வரை அவளை வெளியே அனுப்பாதீர்கள்.

வங்கக்கடல்:
மட்டம் இறங்காவிட்டால் சோப்பு நுரைச் சோதனை. காக்பிட்டின் (கால் வைக்கும் பள்ளத்தின்) முன்சுவரில், மேல் விளிம்புக்கு அடியில், ஒரு சிறிய காற்றுத் துளை இருக்கும், அதை டேப்பால் மூடுங்கள். டிரெய்ன் துளை வழியாக ஒரு குழாயை வைத்து வாயால் மெதுவாக ஊதுங்கள். சென்டர்போர்டு (நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) பெட்டியின் மேலும் கீழும், காக்பிட் தண்ணீரை வெளியேற்றும் பெய்லரைச் சுற்றி, டெக்கும் ஹல்லும் சேரும் விளிம்பு முழுக்க, சுக்கான் மாட்டும் ஸ்க்ரூக்கள் என்று சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். பஞ்சர் கடை கம்ப்ரசரைக் கொண்டுவந்து விடாதீர்கள், ஒட்டே பிளந்துவிடும்! அப்புறம் டேப்பை மறக்காமல் எடுங்கள், வெயிலில் உள்ளே காற்று விரிய அந்தத் துளை வேண்டும். படகு கவிழ்ந்தால் அதே துளை வழியாகக் கொஞ்சம் தண்ணீர் போவது சகஜம்.

சுக்கான் கனப்பதற்கு: தண்ணீருக்குள் இருக்கும் சுக்கான் பிளேடு முழுவதும் கீழே இறங்காமல் பின்னால் சாய்ந்து நிற்கும். அதை இறக்கும் கயிறு நீண்டிருக்கும், அல்லது அந்தக் கயிற்றைக் கவ்வும் கிளீட்டின் பல் தேய்ந்து வேகத்தில் நழுவும். நீளாத டைனீமா கயிறு போட்டு, பிளேடு போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள். பாதி நாளில் சரியாகிவிடும் வேலை இது.

பாய்_பிடிப்பவன்:
தேய்ப்பது பற்றி: இது எல்லோருக்கும் ஒரே படகு என்ற வகுப்பு. எடையைக் குறைக்கவோ வடிவத்தை மாற்றவோ தேய்ப்பது விதிப்படி கூடாது, சென்டர்போர்டின் ஓரத்தைக் கூராக்குவதும் அப்படித்தான். துறைமுகத் தண்ணீரில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, கீறலைப் பாலிஷ் செய்தால் போதும்.

துறைமுக_அப்பா:
செய்து பார்த்தேன். குழியில் தண்ணீர் இரண்டு விரல் அளவு இறங்கிவிட்டது! வேறு எங்கும் குமிழி இல்லை. சுக்கான் கயிறும் மாற்றியாயிற்று, நேற்று வேறொருவர் படகில் அதே சுக்கானை மாட்டி ஓட்டினாள், இப்போது கனம் இல்லையாம். மாஸ்ட் ஸ்டெப்பை எப்படிச் சரிசெய்வது? உள்ளே கை போகாதே.

வங்கக்கடல்:
கண்டுபிடித்தது பெரிய விஷயம் சார். டெக்கில் குழிக்குப் பக்கத்தில் ஒரு இன்ஸ்பெக்ஷன் போர்ட் (உள்ளே கை விட, மூடியோடு கூடிய வட்டத் துளை) வெட்ட வேண்டும். விதி இதை அனுமதிக்கிறது, உள்விட்டம் 153 மி.மீ-க்கு மேல் போகக் கூடாது, மூடி திருகு வகையாக, தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். வெட்டிய பிறகு அவசரப்படாதீர்கள். சென்னை ஈரக் காற்றில் உள்ளே காய நாளாகும், சின்ன மின்விசிறி வைத்து முழுக்க உலர்த்துங்கள். எம்-சீல் வேண்டாம் என்று மேலே சொன்னதற்குக் காரணமும் இதுதான், ஈரத்தின் மேல் எதுவும் பிடிக்காது, வெளியே அடைத்தாலும் உள்ளே குழியின் குழாய் ஆடிக்கொண்டேதான் இருக்கும். உலர்ந்ததும் குழாயின் அடி ஹல்லோடு சேரும் இடத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் நனைத்துச் சுற்றிலும் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஃபைபர் வேலை தெரிந்தவர் கையில் கொடுப்பது நல்லது, காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்களுக்கு இது பழகிய வேலை. ஒன்று மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள், மாஸ்ட் நிற்கும் சாய்வு மாறக் கூடாது. மாறினால் போட்டிக்கான படகுப் பரிசோதனையில் மாட்டும். வேலைக்கு முன்பே மாஸ்ட் உச்சியில் இருந்து படகின் பின்விளிம்பு வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பாய்_பிடிப்பவன்:
எபாக்ஸி இறுகும் நாட்களில் மற்றதைப் பார்த்துவிடலாம். மாஸ்ட் இரண்டு துண்டு, அதன் மேல் துண்டைச் சமதரையில் உருட்டுங்கள், அலுமினியம் என்றால் நிரந்தர வளைவு இருக்கவே கூடாது. பொருத்தும்போது காலர் ரிவெட் (துண்டுகள் சேரும் இடத்து வளையத்தைப் பிடிக்கும் ஆணி) பின்பக்கம் இருக்கட்டும், முன்பக்கம்தான் இழுவிசை விழும், துளை அங்கே இருந்தால் அந்த இடத்தில் ஒடியும். பாயில் இருக்கும் எண் படகின் எண்ணோடு ஒத்துப்போகிறதா? பழைய படகு வாங்கியவர்கள் பலர் பரிசோதனை அன்றுதான் இதைக் கவனிக்கிறார்கள். கவிழ்ந்தால் மாஸ்ட் கழன்று போகாமல் பிடிக்கும் கயிறும் கட்டாயம். எல்லாம் முடிந்ததும் குழியில் மறுபடி தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்காமல் நின்றால், மிதமான காற்றில் ஒரு நாள் அனுப்புங்கள். திரும்பி வந்து பிளக்கைத் திறந்ததும் எவ்வளவு வந்தது என்று இங்கே எழுதுங்கள்.